மருத்துவம் படிக்க விரும்புவோர் பிளஸ் ஒன்னில் நான்காவது பாடத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியான மறுநாளே நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு, ஈரோடு, கோபி, பொள்ளாச்சி என்று கொங்கு நாட்டுப் பள்ளி அலுவலகங்களில் சேர்க்கைப் படிவத்துக்குக் கூட்டம் கூடிவிடுகிறது. பிள்ளையை மருத்துவராக்க வேண்டும் என்ற எண்ணத்துடன் வரும் பெற்றோரில் பலர், "எந்த குரூப் எடுத்தால் டாக்டர் சீட்டு கிடைக்கும்?" என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வியின் பெரும்பகுதிக்கு விதிகளே விடை சொல்லிவிட்டன. மாணவரின் கையில் மிஞ்சுவது ஒரே ஒரு பாடம்தான். அந்த ஒன்றைத் தேர்வதில் காட்ட வேண்டிய நிதானத்தை, குரூப்பின் பெயரில் பலர் தவறவிடுகிறார்கள்.

விதி இதுதான். எம்.பி.பி.எஸ். சேர்க்கைக்குரிய நீட் தேர்வை எழுத விரும்புபவர் மேல்நிலைக் கல்வியில் இயற்பியல், வேதியியல், உயிரியல் அல்லது உயிரித்தொழில்நுட்பவியல், இவற்றோடு ஆங்கிலம் ஆகியவற்றைப் படித்துத் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். மூன்று அறிவியல் பாடங்களிலும் சேர்த்துப் பொதுப்பிரிவினர் 50 விழுக்காடும், பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் வகுப்பினர், பழங்குடியினர் 40 விழுக்காடும் பெற்றிருந்தால் தகுதி வந்துவிடும். அதற்கு மேல் பிளஸ் டூ மதிப்பெண் எவ்வளவு உயர்ந்தாலும் மருத்துவத் தரவரிசை ஓர் இடம்கூட முன்னேறாது. தரவரிசையைத் தீர்மானிப்பது நீட் மதிப்பெண் மட்டுமே. அந்தத் தேர்வில் 180 வினாக்கள், 180 நிமிடங்கள், 720 மதிப்பெண்கள். இயற்பியலுக்கு 45, வேதியியலுக்கு 45, உயிரியலுக்கு 90 வினாக்கள். சரியான விடைக்கு நான்கு மதிப்பெண் சேரும், தவறான விடைக்கு ஒன்று கழியும்.

மாநிலப் பாடத்திட்டத்தில் தமிழும் ஆங்கிலமும் போக நான்கு பாடங்கள் உண்டு. அவற்றில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் மேற்சொன்ன விதியால் நிலைபெற்றுவிட்டதால், நான்காவது இடத்தில் என்ன அமர்கிறது என்பதே குரூப்புகளுக்கு இடையிலான வேறுபாடு. அங்கே கணிதம் அமர்ந்தால் ஊர்ப்பேச்சில் 'பயோ மேத்ஸ்' அல்லது 'ஃபர்ஸ்ட் குரூப்'. உயிரியல் ஒரே பாடமாக இல்லாமல் தாவரவியல், விலங்கியல் என்று இரண்டு தனிப்பாடங்களாகப் பிரிந்து இரண்டு இடங்களையும் நிரப்பினால் 'பியூர் சயின்ஸ்'. சில பள்ளிகளில் உயிரியலுடன் கணினி அறிவியல் சேர்ந்த பிரிவும் கிடைக்கிறது. பெயரில் உயிரியலோ செவிலியமோ இருந்தாலும் இயற்பியலும் வேதியியலும் இடம்பெறாத தொழிற்கல்விப் பிரிவுகளும் உள்ளன என்பதால், குரூப்பின் பெயரை நம்பாமல் பாடங்களின் பெயரை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்த பிறகே படிவத்தில் கையெழுத்திட வேண்டும்.

கணிதம் வேண்டுமா, வேண்டாமா?

சேர்க்கை மேசையின் முன்னால் நடக்கும் உரையாடல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். "ஏனுங்க சார், கணக்கு எடுக்காம உட்டுட்டு, டாக்டர் சீட்டும் கெடைக்கலைன்னா பையன் என்னங்க பண்ணுவான்?" என்று அம்மா கேட்பார். விவரம் தெரிந்த ஆசிரியராக இருந்தால், "அதைத்தானுங்கம்மா மொதல்ல முடிவு பண்ணோணும். இன்ஜினியரிங் போவானா மாட்டானான்னு பையனையே கேளுங்க" என்பார். அம்மாவின் கேள்வி நியாயமானது, ஆசிரியரின் பதில் அதைவிடச் சரியானது.

கணிதத்தின் மதிப்பு இரண்டு வாசல்களில் இரண்டு விதமாக இருக்கிறது. நீட் தேர்வில் கணிதத்துக்கென்று ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. பொறியியல் கலந்தாய்விலோ 200க்குக் கணக்கிடப்படும் கட் ஆஃபில் 100 கணிதத்திலிருந்தும், 50 இயற்பியலிலிருந்தும், 50 வேதியியலிலிருந்தும் வருகின்றன. அதாவது பாதி எடை கணிதத்துடையது. எனவே மருத்துவ இடம் கிடைக்காத நிலையில் கோவையிலோ பெருந்துறையிலோ ஒரு பொறியியல் கல்லூரியில் மனம் ஒப்பிச் சேரக்கூடிய மாணவருக்குக் கணிதம் காப்புறுதியாக நிற்கும். மருத்துவம் இல்லையென்றால் கால்நடை மருத்துவம், வேளாண்மை, மருந்தியல், செவிலியம் என்று உயிரியலை ஒட்டிய வழியிலேயே போக விரும்பும் மாணவருக்கு அதே கணிதம் இரண்டு ஆண்டுகள் சுமக்க வேண்டிய கூடுதல் பொதியாகத்தான் இருக்கும். வெறும் பயத்தினால் மட்டும் கணிதத்தை எடுத்துவைத்துக்கொண்டு, கடைசியில் அதில் 60 மதிப்பெண் வாங்கினால், அந்தக் காப்புறுதி பெயரளவில்தான் காப்பாற்றும். கட் ஆஃபில் கணிதத்திலேயே 40 மதிப்பெண்ணை இழந்துவிட்டு நல்ல பொறியியல் கல்லூரியை எதிர்பார்க்க முடியாது.

கணிதம் படிக்காவிட்டால் நீட் இயற்பியல் வராது என்ற பேச்சு ஊரெங்கும் உண்டு. இது பாதி உண்மை. நீட் இயற்பியலுக்கும் இயற்பு வேதியியலுக்கும் கணிதம் தேவை. ஆனால் தேவைப்படும் கணிதம் குறைவு, திரும்பத் திரும்ப வருவது. வெக்டரைக் கூறுகளாகப் பிரித்தல், எளிய வகையிடல், எளிய தொகையிடல், முக்கோணவியலின் சில மதிப்புகள், மடக்கை, பத்தின் அடுக்குகள், விகிதம், தோராயம் ஆகியவையே அதில் பெரும்பகுதி. ஓர் எடுத்துக்காட்டு: ஒரு கரைசலில் ஹைட்ரஜன் அயனிச் செறிவு லிட்டருக்கு 0.002 மோல், அதன் பிஹெச் மதிப்பு என்ன? அந்த எண்ணை இரண்டு பெருக்கல் பத்தின் அடுக்கு மைனஸ் மூன்று என்று மாற்றி எழுதி, இரண்டின் மடக்கை 0.3010 என்பதை நினைவில் வைத்திருந்து, மூன்றிலிருந்து அதைக் கழித்தால் ஏறத்தாழ 2.7 என்று விடை வரும். தேர்வறையில் கால்குலேட்டர் அனுமதி இல்லை. ஒரு வினாவுக்குச் சராசரியாக ஒரு நிமிடம்தான். மாணவருக்கு வேண்டியது இந்த மூன்று படிகளையும் தடுமாறாமல் செய்யும் கைப்பழக்கம். கலப்பெண்களும் வகைக்கெழுச் சமன்பாடுகளும் தனிநிலைக் கணிதமும் அடங்கிய பிளஸ் டூ கணிதப் பாடம் முழுவதும் இதற்குத் தேவைப்படுவதில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மாநிலப் பாடநூலில் பிளஸ் ஒன் இயற்பியலின் இரண்டாவது அலகான இயக்கவியலிலேயே வெக்டரும் வகையிடலும் தொகையிடலும் வந்துவிடுகின்றன. பிளஸ் ஒன் கணித நூலிலோ வெக்டர் எட்டாவது பாடம், வகையிடல் பத்தாவது பாடம், தொகையிடல் பதினோராவது பாடம். எல்லாம் இரண்டாம் தொகுதியில் இருக்கின்றன. ஆகவே பள்ளி திறந்த முதல் சில வாரங்களில் இயற்பியல் ஆசிரியர் இந்தக் கணிதத்தைக் கரும்பலகையில் தாமே சொல்லிக்கொடுத்தாக வேண்டும். அந்த நேரத்தில் கணிதம் எடுத்த மாணவரும் எடுக்காத மாணவரும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள். கணித மாணவருக்குக் கிடைக்கும் உண்மையான நன்மை, ஆண்டின் பிற்பகுதியில் அதே கருத்துகளில் நிறையப் பயிற்சி கிடைப்பதுதான். அந்தப் பயிற்சியைத் தனியே செய்துகொள்ள மனமும் நேரமும் உள்ளவருக்குக் கணிதப் பாடம் இல்லாதது குறையாகாது.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. பத்தாம் வகுப்புக் கணித மதிப்பெண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், கோடை விடுமுறையில் பிளஸ் ஒன் இயற்பியலின் அந்த இரண்டாவது அலகை எடுத்து, தெரிந்த அண்ணனோ அக்காவோ ஆசிரியரோ உடனிருக்க, ஒரு வாரம் எடுத்துக்காட்டுக் கணக்குகளை மாணவரே போட்டுப் பார்க்கட்டும். கணக்குப் போடுவதில் சுவை தட்டி அடுத்த பக்கத்தைத் தானாகப் புரட்டும் மாணவர் தயங்காமல் கணிதத்தை எடுக்கலாம். முயன்றால் வருகிறது, ஆனால் உள்ளூரப் பிடிக்கவில்லை என்பவருக்குப் பியூர் சயின்ஸ் ஏற்றது. இயற்பியலுக்குத் தேவையான கணக்கை மட்டும் அவர் பழகிக்கொண்டால் போதும். ஒரு வாரம் முழுவதும் முயன்றும் ஒன்றும் ஓடவில்லை என்றால், கணிதத்தை மட்டும் கைவிட்டு மருத்துவத்தை வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பதில் பொருளில்லை. நீட்டில் இயற்பியலுக்கு உரிய 180 மதிப்பெண்ணை யாரும் விட்டுக்கொடுத்து அரசு மருத்துவக் கல்லூரிக்குள் நுழைய முடியாது. அத்தகைய மாணவருடன் பெற்றோர் மருத்துவ ஆசையைப் பற்றியே மறுபடி ஒருமுறை பேச வேண்டியிருக்கும்.

நேரத்தையும் கணக்கிட வேண்டும். வெள்ளகோவிலுக்கு உள்ளே இருக்கும் ஒரு கிராமத்திலிருந்து காங்கேயத்துக்குப் பேருந்தில் வந்துபோகும் மாணவருக்கு மாலை வீடு சேரும்போதே இருட்டிவிடும். அதற்குப் பிறகு கிடைக்கும் மூன்று மணி நேரத்தில் கணித வீட்டுப்பாடம் ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொண்டால், நீட்டின் சரிபாதியான 360 மதிப்பெண்ணுக்குரிய உயிரியலுக்கு மிஞ்சுவது என்ன என்பதைக் காகிதத்தில் எழுதிப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். மாணவரின் விருப்பம், மாற்றுவழி, நேரம் என்ற மூன்றில் குறைந்தது இரண்டு கணிதத்தின் பக்கம் நிற்காவிட்டால், மதிப்புக்காக மட்டும் ஃபர்ஸ்ட் குரூப்பை எடுக்க வேண்டாம் என்பதே என் முடிவு. நம் ஊர்களில் பியூர் சயின்ஸ் எடுத்த பிள்ளையைக் கணக்குக்குப் பயந்த பிள்ளை என்று உறவினர் பேசுவது வழக்கம்தான். கலந்தாய்வில் அவர்களுடைய கருத்துக்கு மதிப்பெண் கிடையாது.

பியூர் சயின்ஸ் யாருக்கு?

தாவரவியலும் விலங்கியலும் தனித்தனிப் பாடங்களாக இருப்பதால் இரண்டுக்கும் தனி ஆசிரியர், தனிப் பாடவேளை, தனிச் செய்முறை கிடைக்கின்றன. உயிரியல் ஒரே பாடமாக உள்ள பிரிவில் இவை இரண்டும் பாதிப் பாதியாகப் பங்கிடப்படுகின்றன. வாரம் முழுவதும் உயிரியலிலேயே ஊறிக் கிடப்பது நீட் உயிரியலுக்கு நல்ல அடித்தளம். ஆனால் தனிப்பாட நூல்களில் இருக்கும் எல்லாமே நீட் பாடத்திட்டத்துக்குள் வருவதில்லை என்பதால், தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்டுள்ள பாடத்திட்டத்தை அச்சிட்டு மேசைமேல் வைத்துக்கொண்டு எது பொதுத்தேர்வுக்கு, எது இரண்டுக்கும் என்று பென்சிலால் குறித்துக்கொள்வது நல்லது. என்.சி.இ.ஆர்.டி. உயிரியல் நூலை வரிவரியாகப் படிக்க வேண்டும் என்பது எந்த குரூப்புக்கும் பொது.

மருத்துவம் கிடைக்காத நிலையில் இந்தப் பிரிவினருக்கு வழியே இல்லை என்பது தவறான எண்ணம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985 முதல் நடந்துவருகிறது. உடுமலையிலும் தலைவாசலிலும் 2020இல் புதிய கால்நடை மருத்துவக் கல்லூரிகள் தொடங்கப்பட்டன. இவற்றின் மாநில ஒதுக்கீட்டு இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையிலேயே நிரப்பப்படுகின்றன. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இளநிலை வேளாண்மைப் படிப்பும், பி.எஸ்சி. நர்சிங், பி.ஃபார்ம். படிப்புகளும் அப்படியே. அதே பல்கலைக்கழகத்தின் வேளாண் பொறியியலுக்குக் கணிதம் வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. பல் மருத்துவத்துக்கும் சித்தா, ஓமியோபதி முதலியவற்றுக்கும் நீட் மதிப்பெண்ணே தேவை. நீட் ஒன்றையே நம்பிப் பிளஸ் டூ பொதுத்தேர்வைப் பொருட்படுத்தாத மாணவர், மே மாதத்தில் நீட் கைவிட்டால், மார்ச்சில் எழுதிய தேர்வின் மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் வருந்த நேரிடும். ஆகவே நான்காவது பாடம் எதுவானாலும் அதில் 95க்கு மேல் வாங்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

கணினி அறிவியல் நான்காவது பாடமாக இருந்தால் சுமை குறைவு, மதிப்பெண் எளிது என்று சொல்வார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அது பொறியியல் வாசலையும் திறப்பதில்லை, உயிரியலுக்கும் உதவுவதில்லை. மாணவருக்கு அதில் தனி ஆர்வம் இருந்தாலொழிய நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் ஆங்கிலம், இயற்பியல், வேதியியல், உயிரியல் போக ஐந்தாவதாக ஒன்றை எடுக்க வேண்டும். கணிதம், கணினி அறிவியல், உடற்கல்வி, உளவியல், ஓவியம் என்று பள்ளிக்குப் பள்ளி பட்டியல் மாறும். விருப்பமிருந்தால் கூடுதலாக ஆறாவது பாடமும் எடுக்கலாம். பொறியியலுக்கு மாற மாட்டோம் என்று தெளிவாக உள்ளவருக்கு உடற்கல்வி சுமை குறைந்த தேர்வு. இரண்டு வாசலையும் திறந்துவைக்கக் கணிதத்தையும், மதிப்பெண்ணுக்காக உடற்கல்வியையும் சேர்த்து ஆறு பாடம் எடுப்பது காகிதத்தில் அழகாகத் தெரியும். பதினோராம் வகுப்பின் அரையாண்டுத் தேர்வு வரும்போதுதான் அதன் விலை தெரியவரும்.

பாடத்தோடு பள்ளியையும் பார்க்க வேண்டியதன் காரணம்

2007 முதல் 2016 வரை தமிழ்நாட்டில் மருத்துவச் சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண்ணால் நடந்தது. அந்த ஆண்டுகளில் நாமக்கல் வட்டாரத்து உறைவிடப் பள்ளிகள் தமிழகம் முழுவதும் பெயர் பெற்றன. பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டுப் பிளஸ் டூ பாடத்தையே இரண்டு ஆண்டுகள் நடத்தும் பழக்கமும் பல இடங்களில் அப்போது வேரூன்றியது. 2017இல் நீட் வந்ததும் அந்த முறை பயனற்றுப்போனது; காரணம், மனித உடலியங்கியல், தாவர உடலியங்கியல், இயக்கவியல், வெப்ப இயக்கவியல் எல்லாம் பிளஸ் ஒன்னில்தான் இருக்கின்றன. பிளஸ் ஒன்னுக்கு 2017-18இல் கொண்டுவரப்பட்ட பொதுத்தேர்வு 2025-26 முதல் கைவிடப்பட்டிருப்பதால், பழைய பழக்கம் திரும்புவதற்கான தூண்டுதல் மீண்டும் உருவாகியிருக்கிறது. எனவே சேர்க்கையின்போது, பிளஸ் ஒன் பாடங்கள் எந்த மாதம் தொடங்கி எந்த மாதம் முடியும், நீட் பயிற்சி பள்ளி நேரத்துக்குள்ளா வெளியிலா, தாவரவியலுக்கும் விலங்கியலுக்கும் நிரந்தர ஆசிரியர்கள் இருக்கிறார்களா, ஆய்வகத்தில் செய்முறை உண்மையாகவே நடக்கிறதா என்று வெட்கப்படாமல் கேட்க வேண்டும். சென்ற ஆண்டு மாணவர் ஒருவரின் செய்முறைப் பதிவேட்டை வாங்கிப் பார்த்தாலே கடைசிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்: தேதிகள் ஆண்டு முழுவதும் பரவியிருக்கின்றனவா, பிப்ரவரியில் ஒரே வாரத்தில் குவிந்திருக்கின்றனவா என்று அது காட்டிக்கொடுக்கும்.

அரசுப் பள்ளி மாணவரின் பெற்றோர் இதில் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்து நீட்டில் தகுதி பெற்றவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020 முதல் வழங்கப்படுகிறது. அவர்களுடைய கல்விக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம் ஆகியவற்றுக்கும் இந்த ஒதுக்கீடு நீட்டிக்கப்பட்டது. பத்தாம் வகுப்பில் 470 வாங்கிய பிள்ளையைக் கடன் வாங்கியாவது நாமக்கல் பக்கம் உறைவிடப் பள்ளியில் சேர்த்துவிட வேண்டும் என்று விசைத்தறிக் கூலியில் வாழும் குடும்பம்கூடத் துடிக்கிறது. அந்த ஒரு மாற்றத்தால் ஐந்து ஆண்டு அரசுப் பள்ளிப் படிப்பால் சேர்ந்த உரிமை போய்விடும். அரசு உதவி பெறும் பள்ளிக்கு மாறினாலும் போய்விடும். பக்கத்து ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பியூர் சயின்ஸ் மட்டுமே இருக்கிறது, கணிதத்துடன் கூடிய உயிரியல் இல்லை என்பதற்காகத் தனியார் பள்ளிக்குப் போவது என் கணிப்பில் மிக நட்டமான பேரம். வேறோர் அரசுப் பள்ளியில் இடம் தேடுவதுதான் அறிவுடைமை.

ஏற்கெனவே மாறிப்போனவர்களுக்கு

கணிதம், கணினி அறிவியல் பிரிவில் சேர்ந்து பாதி ஆண்டு போன பிறகு மருத்துவ ஆசை வருவதும் உண்டு. உயிரியலைப் பதினொன்று, பன்னிரண்டில் படிக்காதவர்கள், பள்ளிப் படிப்பு முடிந்த பிறகு அங்கீகரிக்கப்பட்ட வாரியத்தில் அதைக் கூடுதல் பாடமாக எழுதித் தேர்ச்சி பெற்றால் நீட் எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது. நீட்டுக்கு வயது உச்சவரம்பு 2022இல் நீக்கப்பட்டுவிட்டது; சேர்க்கை ஆண்டின் டிசம்பர் 31க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும் என்ற கீழ்வரம்பு மட்டும் இருக்கிறது. வழி இருக்கிறது என்பதற்காக அதை முதல் திட்டமாக வைத்துக்கொள்ளக் கூடாது. ஓராண்டும் அதற்கான செலவும் கூடுதலாகப் போகும்.

பிளஸ் ஒன்னில் சேர்ந்த பின் குரூப்பை மாற்ற விரும்பினால் முதல் சில வாரங்களுக்குள் செய்துவிட வேண்டும். இயக்கவியல் அலகு முடியும் தறுவாயில் மாணவருக்கே தம் நிலை தெரிந்துவிடும் என்பதால் அதுவரை பொறுத்துப் பார்க்கலாம். அதற்கு மேல் தள்ளிப்போட்டால் மாறிச் சேரும் பாடத்தில் விட்டுப்போன பகுதியைப் பிடிப்பது கடினம். தலைமையாசிரியருக்குப் பெற்றோர் கையெழுத்துடன் விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளமான எமிஸ் பதிவில் குரூப் மாற்றப்பட்டுவிட்டதா என்பதை நேரில் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியல் தயாராகும்போது, பாடங்களின் பெயரும் பயிற்றுமொழியும் பிறந்த தேதியும் சரியாக உள்ளனவா என்று மீண்டும் ஒருமுறை பார்த்துக் கையெழுத்திட வேண்டும்; நீட் விண்ணப்பத்தில் தரும் விவரங்கள் இந்தப் பட்டியலோடு ஒத்துப்போக வேண்டும்.